அந்தக்கால அரண்மனைக் காதல் காமெடி: செல்லினியா, ஹென்றியா, வியோனா, கோர்ட் ஜெஸ்டரா? எதை முதல்ல பாக்கலாம்?

பழைய ஹாலிவுட் பக்கம் புதுசா வர்றவங்க பலர் ஒரு இடத்துல வந்து முழிக்கிறாங்க. எல்லாரும் சொல்ற பெரிய படங்களைப் பாத்தாச்சு, அடுத்து வெல்வெட் சட்டை, வாள், அரண்மனை மாடம், கள்ளக் காதல், கொஞ்சம் சிரிப்புன்னு ஒரு படம் வேணும்னு தேடினா ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. சுத்திச் சுத்தி வர்றது இந்த நாலுதான்: 'தி அஃபேர்ஸ் ஆஃப் செல்லினி' (1934), 'தி பிரைவேட் லைஃப் ஆஃப் ஹென்றி தி எய்த்' (1933), வியோன்ங்கற கவிஞனைப் பத்தின 'இஃப் ஐ வேர் கிங்' (1938), 'தி கோர்ட் ஜெஸ்டர்' (1955). நாலும் நல்ல படம், ஆனா தப்பான ஆளுங்களோட தப்பான ராத்திரியில போட்டா நாலுமே போரடிக்கும், அப்புறம் "பழைய படம்னாலே இப்படித்தான்"னு சொல்லி அந்தப் பக்கமே போக மாட்டாங்க, எனக்கு அதுதான் வருத்தம். அதனால நிதானமா ஒப்பிட்டுப் பாத்துடலாம்.

ஒரு விஷயம் முன்னாடியே சொல்லிடறேன். ஹாலிவுட், மறுமலர்ச்சிக் காலம், அரண்மனை, காதல், காமெடி இந்த அஞ்சுக்கும் கறாரா பொருந்தறது செல்லினி மட்டும்தான். ஹென்றி லண்டன்ல எடுத்த பிரிட்டிஷ் படம், அமெரிக்காவுக்குக் கொண்டு போனது யுனைட்டெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் கம்பெனி. 'இஃப் ஐ வேர் கிங்' 1460கள்ல நடக்கற பாரிஸ் கதை, அங்க மறுமலர்ச்சி இன்னும் சரியா எட்டிக்கூடப் பாக்கல. கோர்ட் ஜெஸ்டர் முழுக்க இடைக்கால இங்கிலாந்து. ஆனா ராஜா, ராணி, கோபம், தூக்குக் கயிறு, ஒளிஞ்சு நிக்கிற காதலன்னு உள்ள ஓடற சமாச்சாரம் நாலுலயும் ஒண்ணுதான், அதனாலதான் ஒரே வரிசையில வெச்சுப் பேசறேன்.

## எதை வெச்சு முடிவு பண்ணலாம்

முதல் கேள்வி, யார் கூட உக்காந்து பாக்கப் போறீங்க. தனியாவா, புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரா, குழந்தைகளோடயா, அப்பா அம்மாவும் ஹால்ல இருப்பாங்களா. மத்த எல்லாத்தையும் விட இது முக்கியம்.

ரெண்டாவது, சிரிப்பு எங்கேருந்து வருது. சில படத்துல முகத்துலேருந்து வரும், சிலதுல வசனத்துலேருந்து, சிலதுல ஓட்டம் குதியாட்டத்துலேருந்து. உங்க ஆளுங்களுக்கு எது பிடிக்கும்னு உங்களுக்குத்தான் தெரியும்.

மூணாவது எனக்கு ரொம்பப் பிடிச்ச அளவுகோல்: காதலிக்கிறவன் உயிருக்கு நிஜமாவே ஆபத்து இருக்கா? அரண்மனைக் காதல்ல சுவாரஸ்யமே அதுதானே, ஒருத்தர் கையில கயிறு இருக்கு, இன்னொருத்தர் கழுத்து அதுல இருக்கு, அதுக்கு நடுவுல காதல் வசனம் பேசணும். அந்த ஆபத்து சும்மா பேருக்கு இருந்தா காதலும் சப்புன்னு ஆயிடும், சிரிப்பும் வராது. அந்தக் கயிறு யார் கையில இருக்குன்னு பாத்தாலே இந்த நாலு படமும் எங்க பிரியுதுன்னு தெரிஞ்சுடும்.

அப்புறம் இங்கிலீஷ் எவ்வளவு புரியணும், ப்ரிண்ட் எப்படி, வரலாறு தெரிஞ்சவங்க கூட இருந்தா நெளிவாங்களா, இதெல்லாம் மறைமுகச் செலவு. படம் போட்டு இருபது நிமிஷம் கழிச்சுத்தான் இந்தச் செலவு தெரியவரும்.

| | செல்லினி | ஹென்றி | இஃப் ஐ வேர் கிங் | கோர்ட் ஜெஸ்டர் |
|---|---|---|---|---|
| நீளம் | 80 நிமிஷம் | 97 நிமிஷம் | 101 நிமிஷம் | 101 நிமிஷம் |
| கலர் | கறுப்பு வெள்ளை | கறுப்பு வெள்ளை | கறுப்பு வெள்ளை | டெக்னிகலர் |
| சிரிப்பு | முகம், தயக்கம், மாட்டிக்கிறது | ஒரே ஒரு நடிகர் | கூர்மையான வசனம் | உடம்பு, பாட்டு, நாக்குச் சுளுக்கு |
| கயிறு யார் கையில | பேருக்கு டியூக் (ஊரை ஆள்றவர்), நிஜத்துல டச்சஸ் (அவர் பொண்டாட்டி) | ராஜா | ராஜா | யார் கையிலயும் நிக்காது |
| குழந்தைகளோட | வேண்டாம் | பெரிய பசங்கன்னா சரி | பொறுமை இருந்தா | கண்டிப்பா |
| இங்கிலீஷ் | மிதம் | சுலபம் | நல்லா வேணும் | பாதி சுலபம், பாதி கஷ்டம் |

## தி அஃபேர்ஸ் ஆஃப் செல்லினி

16ஆம் நூற்றாண்டு ஃப்ளாரன்ஸ். பென்வெனூட்டோ செல்லினி பெரிய பொற்கொல்லர், சிற்பி, சண்டைக்காரர், பொம்பளை விஷயத்துல மோசம். டியூக் அவரைத் தூக்குல போடணும்னு நினைக்கிறார், ஆனா செல்லினி செஞ்சு தர வேண்டிய தங்கத் தட்டெல்லாம் பாக்கி இருக்கு, ஆளைக் கொன்னா தட்டை யார் செய்வாங்க? இதுக்கு நடுவுல செல்லினிக்கு மாடலா நிக்கிற ஏஞ்சலாங்கற பொண்ணு மேல டியூக்குக்கு ஆசை வந்துடுது, டச்சஸுக்கு செல்லினி மேல கண்ணு. அவ்வளவுதான் கதை, மிச்சமெல்லாம் யார் எந்தக் கதவு வழியா வர்றாங்கங்கறதுதான்.

எட்வின் ஜஸ்டஸ் மேயர் எழுதி 1924ல பிராட்வேயில ஓடின 'தி ஃபயர்பிராண்ட்' நாடகம்தான் மூலம். டைரக்டர் கிரகரி லா காவா. ஹீரோ ஃப்ரெட்ரிக் மார்ச், ஆனா படத்தைத் தூக்கி நிறுத்தறது டியூக் அலெஸ்ஸாண்ட்ரோவா வர்ற ஃப்ராங்க் மார்கன். பிராட்வே மேடையிலயும் இதே டியூக்கா நடிச்சவர் அவர்தான், அதனால அந்த ஆள் அவருக்குள்ள ஊறிப் போயிருக்கார். 'தி விஸார்ட் ஆஃப் ஓஸ்' பாத்தவங்களுக்கு அந்த மந்திரவாதியா அவரைத் தெரிஞ்சிருக்கும்.

அவர் ஒரு உத்தரவு போடறதை உன்னிப்பா கவனிங்க. ஆரம்பம் நல்லா கம்பீரமாத்தான் இருக்கும், ஒரு ராஜ்ஜியத்தையே ஆள்ற குரல். பாதி வாக்கியத்துல பொண்டாட்டி பக்கம் கண்ணு போகும், குரல் தேயும், கை காத்துல எதையோ தேடும், முடிக்கும்போது உத்தரவு கெஞ்சலா மாறியிருக்கும். வாக்கியம் மாறல, அதைச் சொல்ற ஆள் மாறிட்டார். இதையே படம் பூரா செய்யறார், ஒரு தடவைகூட அலுக்கல, ஏன்னா ஒவ்வொரு தடவையும் வேற ஒரு பயம். உயிரெடுக்கற அதிகாரம் கையில இருக்கறவர்தான் அந்த அரண்மனையிலயே அதிகமா பயப்படறவர்! அந்த ஒரு விஷயத்துக்காகவே நான் இந்தப் படத்தை முதல்ல வைக்கிறேன். இதுக்கு அவர் பேர் சிறந்த நடிகர் ஆஸ்காருக்குப் போச்சு, துணை நடிகருக்கு இல்ல, லீட் ரோல் பிரிவுல. அந்த வருஷம் அதுல மொத்தமே மூணு பேர்தான், ஜெயிச்சது கிளார்க் கேபிள்.

டச்சஸா வர்ற கான்ஸ்டன்ஸ் பென்னட்டும் அதே அளவு முக்கியம். குரலை உயர்த்தவே மாட்டாங்க. புருஷன் யார் பின்னாடி போறார்னு நல்லாத் தெரியும், அதை வெச்சே அவரை ஆட்டி வைப்பாங்க, தனக்கு வேணுங்கற ஆளை கடையில துணி எடுக்கற மாதிரி நிதானமா தேர்ந்தெடுப்பாங்க. ஏஞ்சலாவா ஃபே ரே. முந்தின வருஷம்தான் 'கிங் காங்'ல அலறினவங்க, இங்க செல்லினி கவிதையா கொட்டும்போது ஒரு வார்த்தை புரியாம வெறிச்சுப் பாத்துட்டு நிக்கிறாங்க.

1934 நடுவுல ஹாலிவுட்ல தணிக்கை விதிகளைக் கறாரா அமல்படுத்த ஆரம்பிச்சாங்க, இந்தப் படம் சரியா அந்த எல்லைக்கோட்டுல வந்து நிக்குது. புருஷனும் பொண்டாட்டியும் ஆளுக்கொரு பக்கம் தேடறதை ஒரு முழுப் படத்துக்கு சிரிப்பா வெச்சிருக்காங்க, யாரும் யாருக்கும் புத்தி சொல்லல, அடுத்த சில வருஷத்துல இதை இப்படி எடுத்திருக்க முடியாது.

இப்ப மறைமுகச் செலவு. மார்ச் நடிக்கிற செல்லினி இன்னிக்குப் பாக்கறப்ப கொஞ்சம் எரிச்சலூட்டுவார், பொண்ணுங்களை இழுத்துட்டுப் போற அந்தத் தோரணைக்கு வயசாயிடுச்சு. ஏஞ்சலாவை முட்டாளாவே வெச்சு எழுதியிருக்கறதும் சில பேருக்கு உறுத்தும், உறுத்தறது நியாயம்தான். 1934 சவுண்ட் வேற, மட்டமான காப்பி கிடைச்சா மார்கனோட முணுமுணுப்புல பாதி போயிடும், அவரோட காமெடியே அந்த முணுமுணுப்புலதான் இருக்கு. அதனால போடறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் ஓட்டிக் கேட்டுப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

வரலாறு தெரிஞ்சவங்க கூட இருந்தா முன்னாடியே சொல்லி வெச்சுடுங்க. நிஜ அலெஸ்ஸாண்ட்ரோ டி மெடிச்சி இப்படி நடுத்தர வயசு பயந்தாங்கொள்ளி கிடையாது, 1537 ஜனவரியில சொந்தக்காரன் லொரென்சினோ கையால கொலையானப்ப அவருக்கு 26 வயசு. அவரைக் கட்டிக்கிட்ட மார்கரெட், பேரரசர் அஞ்சாம் சார்லஸோட பொண்ணு, 1536ல கல்யாணம் நடந்தப்ப 13 வயசுக் குழந்தை. ஆக படத்துல வர்ற டச்சஸ் முழுக்க கற்பனை. செல்லினி மட்டும் ஓரளவு நிஜத்துக்குப் பக்கத்துல வர்றார், ஏன்னா நிஜ செல்லினி தன் சுயசரிதையில தான் செஞ்ச கொலைகளைக்கூட பெருமையா சொல்லிக்கிட்டவர். அந்தப் புஸ்தகம் 1728லதான் அச்சுக்கு வந்துச்சு, ஆள் போய் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல ஆனப்புறம். படம் பிடிச்சிருந்தா அடுத்து அதைப் படிங்க, படத்தை விட நம்ப முடியாத சம்பவங்கள் அதுல இருக்கு.

எப்ப இதைத் தேர்ந்தெடுக்கலாம்: பெரியவங்க மட்டும் இருக்கீங்க, நேரம் கம்மி, நடிப்பை ரசிக்கிற ஆளுங்க.

## தி பிரைவேட் லைஃப் ஆஃப் ஹென்றி தி எய்த்

அலெக்ஸாண்டர் கோர்டா டைரக்ஷன், ஹென்றியா சார்ல்ஸ் லாட்டன். இதுக்கு லாட்டன் ஆஸ்கார் வாங்கினார், பிரிட்டிஷ் படத்துக்காக ஒருத்தர் வாங்கின முதல் நடிப்பு ஆஸ்கார் அதுதான். ஆறு கல்யாணம் பண்ணின இங்கிலாந்து ராஜா, ஆனா படம் முதல் மனைவியைத் தொடவே தொடாது, அவங்க மரியாதையான பெண்மணி, அதனால அவங்க கதையில சுவாரஸ்யம் இல்லைன்னு ஆரம்ப எழுத்துலயே சொல்லித் தள்ளிட்டு நேரா ரெண்டாவது மனைவி ஆன் பொலினோட தலையை வெட்டற நாளுக்குப் போயிடுது.

எல்லாரும் சொல்றது அந்தக் கோழி சாப்பிடற காட்சி. நாகரிகமே போச்சுன்னு புலம்பிக்கிட்டே எலும்பைத் தோளுக்குப் பின்னாடி வீசறார். நல்ல காட்சிதான், ஆனா எனக்குப் பிடிச்சது நாலாவது மனைவி ஆன் ஆஃப் கிளீவ்ஸோட முதலிரவு. அவங்களா எல்சா லான்செஸ்டர், நிஜ வாழ்க்கையில லாட்டனோட மனைவி. இந்த ராஜா தன்னைத் தொடவே கூடாதுன்னு வேணும்னே முகத்தைக் கோணி அசிங்கமா காட்டிக்கிறாங்க, அப்புறம் ரெண்டு பேரும் கட்டில்ல உக்காந்து சீட்டாடறாங்க, ராஜா தோத்துக்கிட்டே போறார். ஏற்கெனவே ஒரு மனைவியோட தலையை வெட்ட வெச்ச ஆள் எதிர்ல உக்காந்து ஒரு பொண்ணு தைரியமா சீட்டு இறக்கறது, அதுலயே தன் விவாகரத்தையும் பேசி முடிச்சுக்கறது, இந்த மாதிரி எழுத்து அபூர்வம்.

நமக்குப் பக்கத்து விஷயம் ஒண்ணு. ஆன் பொலினா வர்ற மெர்ல் ஓபரான் பம்பாயில பிறந்து கல்கத்தாவுல வளர்ந்தவங்க, அம்மா வழியில இலங்கைத் தொடர்பு உண்டு. அந்தக் காலத்து நிறவெறிக்குப் பயந்து டாஸ்மேனியாவுல பிறந்ததா சொல்லி வாழ்நாள் பூரா மறைக்க வேண்டி வந்துச்சு. படத்துல அவங்க வர்றது கொஞ்ச நேரம்தான், தலையை வெட்டக் கூட்டிட்டுப் போற காட்சியில அந்த அமைதியான முகத்தைப் பாக்கறப்ப இந்த விஷயம் ஞாபகத்துக்கு வராம இருக்காது.

செலவு என்னன்னா, இது ஒரே கதை இல்ல, துண்டு துண்டா போகும். லாட்டன் இல்லாத காட்சி எல்லாம் கொஞ்சம் தளரும். கடைசிப் பகுதியில அஞ்சாவது மனைவி கேத்தரின் ஹோவர்ட் கதை வந்ததும் சிரிப்பு நின்னு போயிடும், ராஜா நிஜமாவே உடைஞ்சு போறார், லேசான காமெடின்னு நினைச்சு உக்காந்தவங்களுக்கு அது எதிர்பாராத கனம். எனக்கு அது குறையாத் தெரியல, ஆனா உங்க ராத்திரிக்கு ஒத்து வருமான்னு யோசிச்சுக்கங்க. வரலாறு பிடிச்ச அப்பா வீட்டுல இருந்தா, நாலுலயும் இதுதான் அவருக்கு.

## இஃப் ஐ வேர் கிங்

நிஜத்துல வாழ்ந்த கவிஞன் ஃப்ரான்ஸ்வா வியோன். 1463ல பாரிஸ்லேருந்து விரட்டினதோட ஆள் என்ன ஆனான்னு வரலாறே சொல்லல. அந்த வெற்றிடத்துலதான் இந்தக் கதை உக்காந்திருக்கு. நான் ராஜாவா இருந்தா என்ன செய்வேன்னு வியோன் சத்திரத்துல அளக்கறான், மாறுவேஷத்துல பதினொண்ணாம் லூயி ராஜாவே உக்காந்து கேட்டுட்டிருக்கார். சரி, நீயே செஞ்சு காட்டுன்னு பெரிய பதவியில உக்கார வெச்சுடறார், ஆனா ஒரு வாரம் கழிச்சு உனக்கு மரணம்னும் சொல்லிடறார். அந்த ஒரு வாரத்துக்குள்ள பட்டினி கிடக்கற ஊரை நிமித்தணும், அரண்மனைப் பொண்ணையும் காதலிக்கணும். ஆபத்துங்கற அளவுகோல்ல கணக்கா பொருந்தற கதை இது.

வசனம் ப்ரெஸ்டன் ஸ்டர்ஜஸ், வியோனா ரொனால்ட் கோல்மன், லூயியா பேசில் ராத்போன். ராத்போன் கூனிக் குறுகி கீச்சுக் குரல்ல சிரிக்கிற அந்தக் கிழட்டு ராஜா அவ்வளவு அழகு, அதுக்கு துணை நடிகர் ஆஸ்கார் பரிந்துரையும் கிடைச்சுது. ஆனா வசனம் காதுல ஏறலன்னா படத்துல பாதி இல்ல, கவிதை வேற நடுவுல நடுவுல வரும், சப்டைட்டில் ஓடற வேகத்துக்குப் படிச்சு ரசிக்கிறது கஷ்டம். சிரிப்பும் வாய்விட்டுச் சிரிக்கிற ரகம் இல்ல. காதல் கதைதான் முக்கியம், காமெடி தொட்டுக்கத்தான்னு நினைக்கிறவங்க இதை எடுத்துக்கலாம், மத்தவங்க கடைசியா வெச்சுக்கங்க.

## தி கோர்ட் ஜெஸ்டர்

குழந்தைங்க இருக்கற வீட்டுல ஒப்பீடே வேண்டாம், இதைப் போடுங்க. பாரமவுன்ட் கம்பெனி விஸ்டாவிஷன்ங்கற அகலத்திரை முறையில, டெக்னிகலர்ல கண்ணைப் பறிக்கிற மாதிரி எடுத்தது, அந்தக் காலத்து காமெடிப் படங்கள்ல பெரிய பட்ஜெட், வந்தப்ப போட்ட காசு திரும்பல. டிவியில திரும்பத் திரும்பப் போட்டுத்தான் ஜனங்க மனசுல உக்காந்துச்சு. 2004ல அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டுலயும் சேத்துட்டாங்க.

ஹீரோ டேனி கே புரட்சிக்காரங்க கூட்டத்துல ஒரு சாதாரண ஆள், அவர் வேலை பாட்டுப் பாடறதும் குழந்தை ராஜாவைப் பாத்துக்கறதும்தான். வீரம் எல்லாம் கேப்டனா இருக்கற க்ளினிஸ் ஜான்ஸ்கிட்ட. ஒரு இத்தாலிய விதூஷகன் வேஷத்துல அரண்மனைக்குள்ள நுழையறார், அங்க இளவரசி ஏஞ்சலா லான்ஸ்பரி, அவங்களோட சூனியக்காரத் தோழி மில்ட்ரெட் நாட்விக். தோழி வசியம் வெச்சுடறாங்க: விரலைச் சொடுக்கினா இவர் பெரிய வீரனும் காதல் மன்னனும் ஆயிடுவார், மறுபடி சொடுக்கினா பழைய பயந்தாங்கொள்ளி. கடைசி வாள் சண்டையில ராத்போன் (ஆமா, அதே லூயி, இங்க அறுபதைத் தாண்டின வயசுல வில்லன்) எதிர்ல நிக்கிறப்ப யார் எப்ப விரலைச் சொடுக்கினாலும் ஆள் மாறிக்கிட்டே இருக்கார், ஒரு நொடி பின்வாங்கறார், அடுத்த நொடி ஒத்தக் கையால சண்டை போட்டுக்கிட்டே திமிராப் பேசறார். அந்த மாற்றம் முகத்துல, தோள்ல, நிக்கிற விதத்துல எல்லாத்துலயும் தெரியுது. இதுக்கு மொழியே தேவையில்ல, அஞ்சு வயசுக் குழந்தை விழுந்து விழுந்து சிரிக்கும்.

மொழி தேவைப்படற இடமும் உண்டு. விஷம் எந்தக் கிண்ணத்துல இருக்குன்னு நாட்விக் ஒரு எதுகைப் பாட்டு மாதிரி சொல்லிக் குடுப்பாங்க, டேனி கே அதை ஞாபகம் வெச்சுக்க முடியாம தடுமாறுவார், எதிரியும் அதையே மனப்பாடம் பண்ணிட்டிருப்பான், அதுக்குள்ள ஒரு கிண்ணம் உடைஞ்சு மாறிப் போயிடும். சப்டைட்டில்ல இது பாதிதான் வரும், சத்தம்தான் அங்க சிரிப்பு. வேற செலவுன்னா ஆரம்பப் பாட்டுகள், பொறுமை இல்லாதவங்க அங்கயே போனை எடுத்துடுவாங்க. அரை மணி நேரம் தாண்டிட்டா அப்புறம் கவலையே இல்ல. காதல்? இருக்கு, இனிப்பா இருக்கு, க்ளினிஸ் ஜான்ஸ் கேப்டனா இருக்கறது அந்தக் காலத்துக்கு அழகான ஏற்பாடு. ஆனா இங்க யாரும் சாகப் போறதில்லைன்னு மனசுக்குத் தெரியும், அதனால செல்லினியில வர்ற அந்தக் கூச்சமும் பதட்டமும் கலந்த சிரிப்பு இங்க வராது, வேற ரகம். ப்ரிண்ட் விஷயத்துல நாலுல இதுதான் ராஜா, 2021ல புதுசா ஸ்கேன் பண்ணின ப்ளூ-ரே வந்திருக்கு, முடிஞ்சா அதையே பாருங்க, அந்தச் சிவப்பும் பச்சையும் மங்கின காப்பியில தெரியவே தெரியாது.

## அப்ப எது?

குழந்தைகளோடன்னா கோர்ட் ஜெஸ்டர். வரலாறும் ஒரு மகா நடிகரும் வேணும்னா ஹென்றி. வசனமும் காதலும்னா வியோன். இதுல எதுவும் நிபந்தனை இல்ல, அரண்மனைக் காதல் காமெடின்னா என்னன்னு ஒரே ஒரு படத்துல தெரிஞ்சுக்கணும்னா என் ஓட்டு செல்லினிக்குத்தான், மேல சொன்ன குறையெல்லாம் இருந்தும். மத்த மூணுலயும் ராஜாவைப் பாத்து மத்தவங்க நடுங்கறாங்க, இல்ல விதூஷகன் நடுங்கறான், செல்லினியில ராஜாவே நடுங்கறார், அதுலதான் அந்த அரண்மனையில இருக்கற ஒவ்வொருத்தரோட ஆசையும் அம்மணமா தெரியுது.

ஒரே ராத்திரியில ரெண்டு படம் பாக்கறதா இருந்தா ஹென்றியை முதல்லயும் செல்லினியை ரெண்டாவதாவும் போடுங்க, மொத்தம் மூணு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சுடும். திருப்பிப் போட்டா ஹென்றியோட கடைசி அரை மணி நேரத்து சோகத்தோட படுக்கப் போகணும். வியோனையும் கோர்ட் ஜெஸ்டரையும் அடுத்தடுத்த நாள்ல பாருங்க, ஒரே ராத்போன் 17 வருஷ இடைவெளியில கிழட்டு ராஜாவாவும் வாள் ஏந்தின வில்லனாவும் எப்படி நிக்கிறார்னு அப்பத்தான் நல்லாப் பிடிபடும்.